கணக்குப் பிழையும் கடல்வழியும்

நுழையும்முன்

புதிய நிலங்களைக் கண்டவர்களைப் பற்றிப் படிக்கும்போது அவர்களுடைய துணிவையே பெரிதும் போற்றுகிறோம். அவர்கள் போட்ட கணக்கு சரியா, அவர்கள் சென்று இறங்கிய கரையில் முன்பே வாழ்ந்தவர் யாவர், அவர்களுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன என்னும் வினாக்களையும் எழுப்பிப் பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கில் தின்தோ ஆற்றங்கரையில் பாலோஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே, லா ராபிதா மடத்தின் அடிவாரத்தில் மூன்று மரக்கலங்கள் நிற்கின்றன. சாந்தா மரியா, பிந்தா, நின்யா என்பன அவற்றின் பெயர்கள். கொலம்பஸ் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த ஐந்நூறாம் ஆண்டு நிறைவையொட்டிக் கட்டப்பட்ட மாதிரிக் கலங்கள் இவை. மூலக் கலங்களின் வரைபடம் ஒன்றேனும் இன்று இல்லை. அக்காலத்துக் கப்பல் ஓவியங்களையும் எழுத்துக் குறிப்புகளையும் கொண்டே உருவத்தை ஊகித்துக் கட்டினர். 1892இலும் 1929இலும் இவ்வாறே மாதிரிகள் கட்டப்பட்டன. ஒன்றின் வடிவம் மற்றொன்றின் வடிவத்தோடு முற்றிலும் ஒத்திருக்கவில்லை.

கலத்தில் ஏறும் பார்வையாளரை முதலில் வியப்பில் ஆழ்த்துவது அதன் சிறுமையே. மூன்றனுள் பெரியதான சாந்தா மரியாவின் நீளம் ஏறத்தாழ முப்பது மீட்டர். நின்யா அதனினும் சிறியது. சாந்தா மரியா 'நாவோ' என்னும் வகையைச் சார்ந்த கலம். அச்சொல் நம் 'நாவாய்' என்பதை நினைவூட்டுகிறது. எனினும், ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு உறவு கூறுதல் பொருந்தாது. இம்மூன்று கலங்களிலும் சென்றவர் ஏறத்தாழத் தொண்ணூற்றுவர். பெரும்பாலோர்க்கு மேல்தளமே பாயும் படுக்கையும். மணல் பரப்பிய அடுப்பில் சமையல் நடந்தது. கடினமான ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் பயறுமே உணவு. அரைமணிக்கு ஒருமுறை மணற்கடிகாரத்தைத் திருப்பி வைப்பது சிறுவர்களின் பணி. அவர்கள் கண்ணயர்ந்துவிட்டால் கடந்த தொலைவின் கணக்கே தவறிவிடும்.

கிறிஸ்தோபர் கொலம்பஸ் 1451ஆம் ஆண்டளவில் இத்தாலியின் ஜெனோவா நகரில் கம்பளி நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே கடலோடினார். 1476இல் போர்த்துகல் கரையருகே நிகழ்ந்த கடற்சண்டையில் கலம் மூழ்க, கரை சேர்ந்து லிஸ்பனை அடைந்தார். அங்கே அவருடைய தம்பி பார்த்தலோமே நிலப்படம் வரையும் தொழில் செய்தார். படங்களையும் நூல்களையும் ஆராய்ந்த கொலம்பஸ், மேற்கு நோக்கிச் சென்றே ஆசியாவை அடையலாம் என்னும் முடிவுக்கு வந்தார்.

இங்குத்தான் பிழை நேர்ந்தது. உலகம் தட்டையானது என்று கற்றோர் நம்பினர் என்றும் கொலம்பஸ் ஒருவரே அதனை மறுத்தார் என்றும் வழங்கும் கதை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. உலகம் உருண்டை என்பதைக் கற்றோர் அனைவரும் அறிந்திருந்தனர். வழக்கு உருண்டையின் அளவைப் பற்றியதே. அரபு வானியலறிஞர் அல்-பர்கானி தந்த மைல் அளவைக் கொலம்பஸ் அதனினும் குறுகிய இத்தாலிய மைலாகக் கொண்டார். ஆசியக் கண்டத்தின் அகலத்தை மிகுத்துக் கணக்கிட்டார். எனவே, கானரித் தீவுகளிலிருந்து ஜப்பான் ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது என்று முடிவு கட்டினார். உண்மைத் தொலைவு 19,000 கிலோமீட்டருக்கும் மிகுதி. போர்த்துகல் மன்னரின் அறிஞர்களும் ஸ்பெயினின் அறிஞர்களும் அவர் திட்டத்தை மறுத்தனர். அவர்கள் மறுத்தது அறியாமையால் அன்று. அவர்களின் கணக்கே உண்மைக்கு நெருங்கியது. இடையில் எவரும் எதிர்பாராத நிலப்பரப்பு ஒன்று இல்லாதிருந்தால், அம்மூன்று கலங்களும் உணவும் நீரும் தீர்ந்து நடுக்கடலிலேயே அழிந்திருக்கும்.

1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. போர்ச் சுமை நீங்கிய அரசி இசபெல்லாவும் அரசர் பெர்தினாந்தும் ஏப்ரல் 17 அன்று உடன்படிக்கை செய்தனர். பாலோஸ் ஊர் முன்பு செய்த குற்றத்துக்குத் தண்டமாக இரண்டு கலங்களைத் தரவேண்டும் என்னும் ஆணை அவ்வூர்த் தேவாலயத்தில் படிக்கப்பட்டது. அயலாரை நம்பிக் கடலில் இறங்க ஊரார் தயங்கினர். அவ்வூரில் பெருமதிப்புப் பெற்ற மார்த்தீன் அலோன்சோ பின்சோன் முன்வந்த பின்னரே ஆள்கள் சேர்ந்தனர். ஆகஸ்டு 3 அன்று கலங்கள் புறப்பட்டன.

கானரித் தீவுகளை விட்டு நீங்கிய பின் ஐந்து வாரம் நீரும் வானுமே காட்சி. காந்த ஊசி வடமீனிலிருந்து விலகி நின்றது கண்டு மீகாமர்கள் அஞ்சினர். பறவைகள் சென்ற திசையைப் பின்பற்றித் தென்மேற்கே திரும்பினர். அக்டோபர் 12 பின்னிரவில், பிந்தாவிலிருந்த ரோத்ரிகோ தெ திரியானா என்னும் மாலுமி நிலத்தைக் கண்டு குரல் எழுப்பினார். முதலில் காண்பவருக்கென அரசு அறிவித்திருந்த பரிசைக் கொலம்பஸ் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். முந்தைய மாலையிலேயே ஓர் ஒளியைத் தாம் கண்டதாகக் கூறினார். மாலுமியின் இழப்பு சிறிதாகத் தோன்றலாம். பின்னர் வந்தவற்றுக்கு அது முன்னறிகுறி.

அத்தீவை அங்கு வாழ்ந்தோர் குவனகானி என்றழைத்தனர். தைனோ இனத்தவரான அவர்கள் பருத்தி நூற்றனர். தூளி போன்ற வலைப்படுக்கையில் உறங்கினர். ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடங்களில் தீவுக்குத் தீவு சென்றனர். ஆசியாவின் இந்தியத் தீவுகளை அடைந்துவிட்டதாக எண்ணிய கொலம்பஸ் அவர்களை இந்தியர் என்றார். தவறான கணக்கு ஒரு மக்களுக்குத் தவறான பெயரையும் சூட்டியது.

கிறிஸ்துமஸ் இரவில் சாந்தா மரியா ஹிஸ்பானியோலாத் தீவருகே தரைதட்டியது. சுக்கானைச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு மாலுமி உறங்கியதே காரணம். அதன் மரங்களைக் கொண்டு கோட்டை ஒன்றைக் கட்டி, 39 பேரை அங்கே நிறுத்திவிட்டு, நின்யாவில் ஏறி 1493 மார்ச்சில் பாலோஸ் திரும்பினார். அவ்வாண்டே 17 கலங்களோடு மீண்டும் சென்றபோது கோட்டை எரிந்து கிடந்தது. அங்கிருந்தோர் ஒருவரும் உயிருடன் இல்லை.

ஆளுநராக அவர் ஆற்றிய செயல்கள் கொடியவை. பதினான்கு வயது நிரம்பிய தைனோ ஒவ்வொருவரும் மூன்று திங்களுக்கு ஒருமுறை குறித்த அளவு பொன் கொணர வேண்டும் என விதித்தார். 1495இல் ஏறத்தாழ ஐந்நூற்றுவரை அடிமைகளாகக் கப்பலேற்றினார். அவர்களுள் இருநூற்றுவர் வழியிலேயே மாண்டனர். கட்டாய உழைப்பும் அயல்நோயும் சேர, அரை நூற்றாண்டுக்குள் அத்தீவின் தொல்குடி பெரும்பாலும் அழிந்தது. பாலோஸ் துறையில் அவர்களின் உருவங்களும் வைக்கப்பட்டுள்ளன. எனினும், பார்வையாளர் கூட்டம் நாடுவது கலங்களையே.

குடியேறியவர்களும் அவர் ஆட்சியின்மீது முறையிட்டனர். 1500இல் விலங்கிடப்பட்டு ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டார். விடுதலை பெற்றபோதும் ஆளுநர் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. 1502இல் தொடங்கிய நான்காம் பயணத்தில் கலங்கள் புழுவரித்துச் சிதைய, ஜமைக்காக் கரையில் ஓராண்டு சிக்கித் தவித்தார். 1506 மே 20 அன்று வயதோலித் நகரில் காலமானார். தாம் அடைந்தது ஆசியாவின் ஓரமே என்னும் எண்ணத்தை இறுதிவரை அவர் கைவிடவில்லை.

இறந்த பின்னும் அவர் கடல்வழி முடியவில்லை. எலும்புகள் வயதோலிதிலிருந்து செவில் நகருக்கும், அங்கிருந்து பெருங்கடல் கடந்து சாந்தோ தொமிங்கோவுக்கும், பின்னர் ஹவானாவுக்கும் சென்றன. 1899இல் மீண்டும் செவில் பேராலயத்தை அடைந்தன. சாந்தோ தொமிங்கோவிலோ, 1877இல் அவர் பெயர் பொறித்த ஈயப்பெட்டி ஒன்று கிடைத்தது. உண்மை எலும்புகள் தம்மிடமே உள்ளன என்று அந்நாட்டினர் இன்றும் கூறுகின்றனர்.