கறிக்கடைப் பையன் ஏறிய மலைகள்



இம்போசிஷன் எழுதிய அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? வெட்கப்படாமல் கையை உயர்த்துங்கள் பார்க்கலாம்! ஆசிரியராகப் பணியாற்றிய எனக்கு இம்போசிஷன் கொடுத்த அனுபவம் நிறையவே உண்டு. இன்று நான் சொல்லப்போவது இம்போசிஷன் எழுதிய ஒரு சிறுவனின் கதை.

அது 1927-ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டின் வடமேற்கில், குன்றுகளுக்கு நடுவே காஸ்டெல்லானியா என்ற குட்டிக் கிராமம். அங்கே ஒரு சிறுவன் தன் வீட்டு நிலவறையில் ஒரு பழைய சைக்கிளைக் கண்டுபிடித்தான். ஒரே துரு! பிரேக் கட்டைகூட இல்லை. ஆனாலும் அதை விட அவனுக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தை மறந்தான். நாள் முழுவதும் அந்த சைக்கிளிலேயே ஊரைச் சுற்றினான். விஷயம் பள்ளிக்குத் தெரிந்துவிட்டது. பள்ளியில் இருக்க வேண்டிய நேரத்தில் சைக்கிளில் சுற்றக் கூடாது என்று திரும்பத் திரும்ப எழுதும்படி தண்டனை கிடைத்தது.

அந்தத் தண்டனையில் தவறில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால், அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகின் தலைசிறந்த சைக்கிள் வீரர்களில் ஒருவராகப் போகிறான் என்று அன்று யாருக்குத் தெரியும்? அவன் பெயர் ஃபாஸ்டோ கோப்பி.

கோப்பி பிறந்தது 1919-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள். அப்பா விவசாயி. வீட்டில் ஐந்து குழந்தைகள். கோப்பி ஒல்லியான உடம்புக்காரன். சிறு வயதில் அடிக்கடி உடல்நலமும் கெட்டது. படிப்பில் அவ்வளவு ஆர்வம் இல்லை. 13 வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனான். நோவி லிகுரே என்ற ஊரில் ஒரு கறிக்கடையில் வேலை. வீடு வீடாகச் சென்று இறைச்சியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். எதில் போவான்? சைக்கிளில்தான்!

கிராமத்துக்கும் அந்த ஊருக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர். சமதளமான சாலை அல்ல அது. ஒரு குன்றில் ஏறினால் அடுத்தது ஒரு பள்ளம். பள்ளத்தில் இறங்கினால் மறுபடியும் ஏற்றம்! யாரும் சொல்லிக் கொடுக்காமலே, பணம் எதுவும் செலவழிக்காமலே, அவனுக்கு மலைப் பயிற்சி கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பது ஏன் கடினம் தெரியுமா? சமதளத்தில் சைக்கிளை முன்னால் தள்ளினால் போதும். ஏற்றத்தில் நம் உடல் எடையையும் சைக்கிளின் எடையையும் சேர்த்து மேலே தூக்க வேண்டும். அதற்குக் கால் தசைகள் அதிக ஆக்சிஜன் கேட்கும். நுரையீரல் வேக வேகமாக மூச்சு வாங்கும். இதயம் வேகமாக ரத்தத்தை அனுப்பும். தொடர்ந்து பல மாதங்கள் இப்படிப் பழகினால் இதயம் வலுப்பெறும். ஒரே துடிப்பில் முன்பைவிட அதிக ரத்தத்தை அனுப்பும். முன்பு மூச்சு முட்டிய அதே ஏற்றம் இப்போது சுலபமாகத் தோன்றும். ஏற்றம் குறையவில்லை, குழந்தைகளே! ஏறுபவரின் பலம் கூடியிருக்கிறது.

கோப்பிக்கு நல்ல சைக்கிள் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவரும் அப்பாவும் சேர்ந்து உதவினார்கள். சிறுவர்களுக்கான ஒரு பந்தயத்தில் அவன் ஜெயித்தபோது கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 20 லிரா பணமும், இறைச்சி வைத்த ஒரு சாண்ட்விச்சும்!

நோவி லிகுரேயில் பியாஜியோ கவன்னா என்ற மசாஜ் நிபுணர் இருந்தார். பெரிய பெரிய சைக்கிள் வீரர்களின் கால்களைப் பிடித்துவிட்டுப் பழக்கப்பட்டவர். அவருக்குக் கண் பார்வை கிடையாது. ஆனால் விரல்களால் தொட்டுப் பார்த்தே ஒருவருடைய தசை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். கோப்பியைத் தொட்டுப் பார்த்தவர், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத திறமையைக் கண்டுகொண்டார். எப்படிப் பயிற்சி செய்வது, எப்போது ஓய்வெடுப்பது, என்ன சாப்பிடுவது என்று எல்லாவற்றிலும் கண்டிப்பு காட்டினார். கோப்பியும் கேட்டு நடந்தார். (வீரராகிவிட்டாரே, இனி 'அவர்' என்றே சொல்வோம்!)

இத்தாலியில் 1909 முதல் 'ஜிரோ டி இத்தாலியா' என்ற சைக்கிள் பந்தயம் நடந்துவருகிறது. ஒருநாள் பந்தயம் அல்ல இது. சுமார் மூன்று வாரம்! மொத்தம் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்! நடுவே வானளாவிய மலைகள் வேறு. 1940-இல் கோப்பி முதல்முறையாக அதில் கலந்துகொண்டார். ஜெயிப்பதற்காக அல்ல. அன்றைய நட்சத்திர வீரர் ஜீனோ பார்த்தாலிக்குத் துணையாளாகத்தான் அணியில் சேர்த்திருந்தார்கள். ஆனால் தொடக்கத்திலேயே பார்த்தாலி ஒரு நாயின் மீது மோதி விழுந்து காயமடைந்தார். சில நாட்களுக்குப் பிறகு, மழையும் குளிருமான ஒரு மலைப் பாதையில் கோப்பி எல்லோரையும் முந்தினார். கடைசியில் பட்டமும் அவருக்கே! அப்போது அவருக்கு வயது 20.

ஜூன் 9-ஆம் தேதி பந்தயம் முடிந்தது. மறுநாளே இத்தாலி இரண்டாம் உலகப் போரில் குதித்தது.

பாவம் கோப்பி! 1942-இல் மிலான் நகரில், ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி உலக சாதனை படைத்தார். 14 ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியாத சாதனை அது. ஆனால் அதன்பின் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1943-இல் ஆப்பிரிக்காவில், துனிசியா நாட்டில், பிரிட்டிஷ் படையிடம் கைதியானார். ஒரு வீரருக்கு உடல் வலிமை மிகுந்திருக்கும் வயது. அந்த ஆண்டுகள் கைதி முகாமில் கழிந்தன.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. மறுபடியும் அதே குன்றுகளில் மிதிக்கத் தொடங்கினார். 1946 மார்ச் மாதம் மிலானிலிருந்து சான் ரெமோ வரை 290 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பந்தயம். வழியில் டுர்கீனோ கணவாய். அதில் ஏறும்போது மற்றவர்கள் எல்லோரும் பின்தங்கிவிட்டார்கள். மீதித் தூரத்தைத் தனியாகவே ஓட்டி முடித்தார். அடுத்தவர் வந்து சேர்ந்தது 14 நிமிடங்கள் கழித்து!

1949-இல் ஜிரோ பந்தயத்தின் ஒரு நாளில் குனியோ என்ற ஊரிலிருந்து பினரோலோ வரை 254 கிலோமீட்டர் போக வேண்டும். வழியில் ஐந்து பெரிய கணவாய்கள்! முதல் மலையிலேயே கோப்பி எல்லோரையும் விட்டுப் பிரிந்தார். 192 கிலோமீட்டர் தன்னந்தனியாக ஓட்டினார். பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. காற்றை மறைக்கவும் முன்னால் ஆளில்லை. இரண்டாவதாக வந்த பார்த்தாலியைவிட 11 நிமிடம் 52 விநாடி முன்னதாக வந்தார்.

அடுத்த சில வாரங்களில் பிரான்சில் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயம். அதில் கோப்பி கீழே விழுந்தார். சைக்கிள் உடைந்தது. மாற்று சைக்கிள் வருவதற்குள் நெடுநேரம் போய்விட்டது. முதலிடத்தில் இருந்தவரைவிட அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிவிட்டார். மனம் உடைந்து, ஊருக்கே திரும்பிவிட நினைத்தார். அணியின் தலைவர் பிண்டா பொறுமையாகப் பேசித் தேற்றினார். கோப்பி தொடர்ந்தார். மலைகள் வந்தன. இழந்த நிமிடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாரிஸ் நகரை அடைந்தபோது முதலிடம் அவருக்கே! ஒரே ஆண்டில் ஜிரோ, டூர் இரண்டையும் வென்ற முதல் வீரர் அவர்தான்.

1951-இல் பெரும் துயரம் வந்தது. அவருடைய தம்பி செர்ஸேயும் சைக்கிள் வீரர். டூரின் நகரப் பந்தயத்தில் தம்பியின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கி விழுந்தார். எழுந்து விடுதிக்கு வந்தவர், தலையில் பட்ட அடியால் அன்றே இறந்துபோனார். அண்ணனுக்குப் பந்தயமே வெறுத்துப்போனது. ஆனால் மறு ஆண்டு, 1952-இல், மீண்டும் ஜிரோ, டூர் இரண்டையும் வென்றார். டூரில் அடுத்தவரைவிட 28 நிமிடங்களுக்கும் மேல் முன்னிலை!

அந்த ஆண்டு ஆல்ப்ஸ் மலையில் எடுத்த ஒரு புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அதில் கோப்பியும் பார்த்தாலியும் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கை மாற்றிக்கொள்கிறார்கள். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இத்தாலியர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஜென்மப் போட்டியாளர்கள் இருவர், தாகம் எடுத்த நேரத்தில் தண்ணீரைப் பகிர்ந்துகொண்டார்கள். அது போதாதா?

1953-இல் 48 கொண்டை ஊசி வளைவுகளும் 2,758 மீட்டர் உயரமும் கொண்ட ஸ்டெல்வியோ கணவாயில் ஏறி, ஐந்தாவது முறையாக ஜிரோவை வென்றார். அதே ஆண்டு உலக சாம்பியனும் ஆனார்.

இவ்வளவு பெரிய மலைகளை வென்றவரை ஒரு சின்னஞ்சிறு கொசு வீழ்த்திவிட்டது, குழந்தைகளே! 1959 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் அப்பர் வோல்டா நாட்டுக்கு (இன்றைய பர்கினா ஃபாசோ) நண்பர்களுடன் சென்றார். திரும்பியதும் கடும் காய்ச்சல். அது மலேரியா என்று மருத்துவர்கள் கண்டறியவில்லை. 1960 ஜனவரி 2-ஆம் நாள், 40 வயதிலேயே காலமானார். அவருடன் ஒரே அறையில் தங்கிய ஜெமினியானி என்ற பிரெஞ்சு வீரருக்கும் அதே காய்ச்சல்தான். அவருக்கு மலேரியா என்று கண்டுபிடித்து, குயினைன் மருந்து கொடுத்தார்கள். பிழைத்தார். 2024 வரை, 99 வயது வரை வாழ்ந்தார்! காய்ச்சல் வந்தால் எங்கெங்கே போய் வந்தோம் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கோப்பி பிறந்த கிராமத்தின் பெயர் 2019 முதல் 'காஸ்டெல்லானியா கோப்பி'. அண்ணனும் தம்பியும் அங்கே அருகருகே உறங்குகிறார்கள். ஜிரோ பந்தயத்தில் ஒவ்வோர் ஆண்டும் வரும் மிக உயரமான இடத்துக்கு 'கோப்பி சிகரம்' என்றே பெயர்.

உங்களுக்கும் ஒரு மலை இருக்கும். அது கணக்குப் பாடமாக இருக்கலாம், ஆங்கிலமாக இருக்கலாம், மேடையில் பேசும் பயமாக இருக்கலாம். ஒரே நாளில் ஏற வேண்டாம். கறிக்கடைப் பையனைப்போல் தினமும் கொஞ்சம் மிதித்துப் பழகுங்கள்.

பின்குறிப்பு: சைக்கிளை எடுப்பதற்கு முன் பிரேக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூட நேரத்தில் எடுக்காதீர்கள். எடுத்தால்... இம்போசிஷன்தான்!