கடல்வழி கண்ட சிராவகர் சேட் வால்சந்த் ஹீராசந்த்

பாலாற்றங்கரையிலுள்ள மாதனூர் வழியே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சரக்கு வண்டிகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் உருவாகும் பொருள்கள் கண்டெய்னர்களில் அடைக்கப்பெற்றுச் சென்னைத் துறைமுகம் சேர்கின்றன. அங்கிருந்து கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. பொருளை ஆக்குபவர் ஒருவர், அதனை வாங்குபவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையே அதனைச் சுமந்து செல்பவர் யார்? அவர் பெறும் கூலி எந்நாட்டைச் சேர்கிறது? நூறாண்டுகளுக்கு முன் இக்கேள்விகளை எழுப்பி, விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் திகம்பர சமணக் குடும்பத்தில் தோன்றிய சேட் வால்சந்த் ஹீராசந்த் அவர்கள்.

பிறப்பும் இளமையும்

மகாராட்டிர மாநிலத்துச் சோலாப்பூரில் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வால்சந்த் பிறந்தார். குஜராத்திலிருந்து வந்து சோலாப்பூரில் தங்கிய தோஷி குடும்பம் பருத்தி வாணிகத்தாலும் கொடுக்கல் வாங்கலாலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. தந்தையார் ஹீராசந்த் நேமிசந்த் வணிகர் மட்டுமல்லர். சமணச் சமுதாயச் சீர்திருத்தத்தில் ஈடுபாடு கொண்டவர். மராத்தி மொழியில் ஜைன போதக் என்னும் இதழைத் தொடங்கி, அறநூற் கருத்துகளை இல்லறத்தாரிடையே பரப்பியவர். வீட்டில் வணிகக் கணக்கும் தரும விசாரமும் ஒருங்கே நிகழ்ந்த சூழலில் வால்சந்த் வளர்ந்தார்.

பம்பாயிலும் புனேயிலும் கல்லூரிக் கல்வி பயின்ற அவர், பட்டம் பெறுமுன்பே குடும்பத் தொழிலுக்குத் திரும்ப நேர்ந்தது. ஆயினும் வட்டிக் கணக்கிலும் பருத்தி விலையிலும் அவர் மனம் நிலைக்கவில்லை. முன்னோர் வகுத்த வழியிலேயே சென்றால் பொருளுக்குக் குறைவிராது என்பதை அறிந்தும், புதிதாக ஒன்றை ஆக்கும் தொழிலையே அவர் நாடினார்.

இருப்புப் பாதையிலிருந்து தொடக்கம்

இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து விலகிய இலட்சுமணராவ் பாட்டக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, வால்சந்த் ஒப்பந்தத் தொழிலில் இறங்கினார். பார்சி சிறு இரயில்பாதையின் ஒரு பகுதியை அமைக்கும் பணியே இவ்விருவருக்கும் கிடைத்த தொடக்க வாய்ப்பு. ஒருவரிடம் தொழில் நுணுக்கமும் மற்றவரிடம் முதலும் துணிவும் இருந்தன. பின்னாளில் டாடா கட்டுமான நிறுவனத்தின் வழியே போர்காட் மலைச்சரிவின் இரயில் சுரங்கங்களைக் குடைந்த பணியிலும் வால்சந்தின் பங்கு இருந்தது.

இரயில்பாதை ஓர் ஊரைச் சென்றடைந்ததும் அங்குள்ள விளைபொருளின் விலை மாறுவதையும், சுமைகூலி குறைந்தால் உழவர்க்கும் வணிகர்க்கும் வாழ்வு உயர்வதையும் அவர் நேரில் கண்டார். நிலத்தில் பெற்ற இவ்வறிவே அவரைக் கடல்நோக்கித் திருப்பியது எனலாம்.

தூத்துக்குடி தந்த பாடம்

அக்காலத்தில் இந்தியக் கடற்கரை வாணிகம் முழுவதும் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனங்களின் பிடியில் இருந்தது. அவற்றுள் வலிமை மிக்கது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். அதனை எதிர்த்து 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ. சிதம்பரனாரின் வரலாற்றைத் தமிழர் நன்கறிவர். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கொழும்புக்குச் சென்று வந்தன. ஆங்கிலேய நிறுவனமோ கட்டணத்தை அடியோடு குறைத்தது. ஒரு கட்டத்தில் பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

இதுபோல் முயன்று மூழ்கிய இந்திய நிறுவனங்கள் வேறு சிலவும் உண்டு. ஆகவே, கப்பல் தொழிலில் இறங்குவது கைப்பொருளைக் கடலில் எறிவதற்கு ஒப்பாகும் என்ற எண்ணம் இந்திய வணிகரிடையே வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தை அறிந்தே வால்சந்த் இத்தொழிலுக்கு வந்தார்.

லாயல்டி புறப்பட்டது

முதல் உலகப் போர் முடிந்த நேரம். போரின்போது மருத்துவமனைக் கப்பலாகப் பயன்பட்ட லாயல்டி என்னும் நீராவிக் கப்பலை விற்பதற்குக் குவாலியர் மன்னர் சிந்தியா முன்வந்தார். 1891ஆம் ஆண்டு கட்டப்பெற்ற அக்கப்பல் ஏறத்தாழ 6,000 டன் அளவினது. செய்தியறிந்த வால்சந்த் காலம் தாழ்த்தவில்லை. நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமள்தாஸ் ஆகிய பம்பாய்ப் பெருவணிகர்களை இணைத்துக்கொண்டு கப்பலை வாங்கினார். 1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் உருப்பெற்றது. நரோத்தம் மொரார்ஜி அதன் தலைவரானார்.

அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் லாயல்டி பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாக நாடெங்கும் கொண்டாடப்பெறுகிறது. பங்குனி, சித்திரையில் வரும் மகாவீரர் பிறந்தநாள் விழாவை ஒட்டியே பெரும்பாலும் இந்நாளும் அமைவது சமணர்க்கு மகிழ்வளிக்கும் பொருத்தமாகும்.

எனினும் லாயல்டி ஈட்டித் தந்தது பெருமையேயன்றிப் பொருளன்று. பழைய கப்பல் சில ஆண்டுகளுக்குள்ளேயே உடைப்பதற்கென விற்கப்பட்டது. உணர்ச்சியால் மட்டும் கப்பல் ஓடாது என்பதை நிறுவனத்தார் உணர்ந்தனர். சரக்கு ஏற்றுவதற்கு ஏற்ற கப்பல்களை வாங்கி, பர்மாவிலிருந்து அரிசியும் கல்கத்தாவிலிருந்து நிலக்கரியும் கொண்டுவரும் கரையோர வாணிகத்தில் கால் ஊன்றினர்.

கூலிப் போர்

ஆங்கிலேய நிறுவனத்தின் தலைவரான இஞ்ச்கேப் பிரபு பழைய படைக்கலத்தையே மீண்டும் கையிலெடுத்தார். இரங்கூனிலிருந்து பம்பாய்க்கு ஒரு டன் அரிசி ஏற்றிவர 18 ரூபாயாக இருந்த கூலி 6 ரூபாய்க்கு இறங்கியது. அக்கூலியில் எக்கப்பலும் இலாபம் காண இயலாது. ஆழ்ந்த பணப்பை உடையவர் பொறுத்திருக்கலாம். புதியவர் அழிவது உறுதி என்பதே அதன் உட்பொருள்.

இதனினும் நுட்பமான வேறொரு தடையும் இருந்தது. வணிகர் ஒருவர் தம் சரக்கு முழுவதையும் குறிப்பிட்ட கப்பல் நிறுவனங்களிலேயே ஏற்றிவந்தால், அவர் செலுத்திய கூலியில் ஒரு பகுதி சில மாதங்கள் கழித்துத் திருப்பியளிக்கப்படும். இடையில் ஒரு முறையேனும் வேறு கப்பலில் சரக்கு ஏற்றினால் சேர்ந்திருந்த தொகை முழுவதும் பறிபோகும். இம்முறையால், சுதேசிக் கப்பலுக்கு மனத்தால் வாழ்த்துக் கூறிய வணிகரும் கையால் சரக்குக் கொடுக்க அஞ்சினர். ஒருவர் பணத்தை அவருக்கே கட்டுத்தளையாக்கிய இம்முறையை ஒழிக்க வேண்டும் என வால்சந்தும் அவர்தம் குழுவினரும் ஓயாது வாதிட்டனர்.

நிறுவனத்தையே விலைக்குக் கேட்டார் இஞ்ச்கேப். விற்றிருந்தால் பங்குதாரர் இழப்பின்றித் தப்பியிருப்பர். வால்சந்த் இணங்கவில்லை. ஆயினும் தொடர்ந்து போரிடவும் வலுவில்லை. 1923இல் பத்தாண்டுக்கால உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. சிந்தியா நிறுவனம் வைத்துக்கொள்ளும் கப்பல்களின் மொத்த அளவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பயணிகள் போக்குவரத்திலும் அது நுழையக் கூடாது. மானக்குறைவான கட்டுப்பாடுகளே இவை. ஆனால் சிதம்பரனாரின் நிறுவனத்திற்குக் கிட்டாத ஒன்று இந்நிறுவனத்திற்குக் கிட்டியது. அது உயிரோடு இருந்தது. வெல்லும் நாள் வரும்வரை நிலைத்திருப்பதும் ஒரு வகைப் போரே என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் மெய்ப்பித்தன.

1928இல் எஸ்.என். ஹாஜி என்பார் இந்தியக் கரையோர வாணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கும் சட்ட முன்வடிவை மத்தியச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். ஆங்கிலேய வணிகர் கடுமையாக எதிர்த்தமையால் அது நிறைவேறவில்லை. 1929இல் நரோத்தம் மொரார்ஜி மறைந்தபின் வால்சந்த் நிறுவனத் தலைமையை ஏற்றார். 1930களின் பிற்பகுதியில் ஹஜ் பயணிகளுக்கான கப்பல்களையும் சிந்தியா இயக்கியது. அங்கும் கட்டணப் போர் மூண்டது. சமணர் தலைமையிலான நிறுவனத்தின் கப்பலில் இசுலாமியப் பெருமக்கள் தம் புனிதப் பயணத்தை மேற்கொண்டனர் என்பது பாலாற்றுப் பகுதி மக்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

இளைஞர்க்குத் திறந்த வாயில்

அந்நாளில் இந்தியர் கப்பலில் அடுப்பெரிக்கலாம், மூட்டை சுமக்கலாம், கயிறு இழுக்கலாம். மாலுமித் தலைவராகவோ பொறியாளராகவோ உயர்வது அரிதினும் அரிது. இந்திய இளைஞரைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க 1927இல் பம்பாயில் டஃபரின் என்னும் பயிற்சிக் கப்பல் நிறுவப்பட்டது. பயின்றவர்க்கு வேலை கொடுப்போர் இல்லையேல் பயிற்சியால் பயன் என்ன? அங்குத் தேறிய இளைஞரைச் சிந்தியா நிறுவனம் ஏற்று, தன் கப்பல்களில் பழக்கி, படிப்படியாக உயர்த்தியது. கப்பலோட்டும் அறிவு இந்தியர்க்கு வாராது என்ற கூற்று நாளடைவில் தானே அடங்கியது.

கப்பலும் வானூர்தியும் ஊர்தியும்

பிறர் கட்டிய கப்பலை வாங்கி ஓட்டுவதோடு அமைய வால்சந்த் விரும்பவில்லை. 1941ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்திற்கு இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்நகர்மீது ஜப்பானியர் குண்டு வீசவே, பணிகள் தடைப்பட்டன. போர் முடிந்தபின் மீண்டும் தொடங்கி, 1948ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் ஜல உஷா என்னும் 8,000 டன் கப்பல் நேருவின் கையால் கடலில் இறக்கப்பட்டது. விடியலின் பெயரைத் தாங்கிய அக்கப்பல் விடுதலை பெற்ற நாட்டின் விடியலாகவே கருதப்பட்டது.

இதற்கிடையே 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் இந்துஸ்தான் வானூர்தி நிறுவனத்தை அவர் தொடங்கினார். போர்க்காலத்தில் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தை உருவாக்கினார். அதன் ஆலையிலிருந்து வந்த டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைத் தமிழ்நாட்டுச் சாலைகளில் கண்ட முதியோர் பலர் இன்றும் உளர். நிலம், நீர், வான் என மூவழியிலும் இந்தியச் சரக்கை இந்தியரே சுமக்க வேண்டும் என்ற ஒரே நோக்கம் இம்முயற்சிகள் அனைத்தையும் பிணைத்தது.

ஒரு பணி முடியுமுன் அடுத்ததைத் தொடங்குவது அவர் இயல்பு. அதனால் கடன் சுமையும் பொருள் நெருக்கடியும் அவரைத் தொடர்ந்து வந்தன. அரும்பாடுபட்டுத் தொடங்கிய வானூர்தித் தொழில் அவர் கண்ணெதிரிலேயே அரசுடைமையாயிற்று. கப்பல் கட்டும் தளமும் 1952இல் அரசின் நிர்வாகத்திற்குச் சென்றது. எனினும் தொழில் நிலைத்தது. தமது என்னும் பற்று நீங்கியபின்னும் தாம் செய்த நற்செயல் வாழ்வதைக் காண்பது எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

இறுதி நாள்கள்

1949இல் பக்கவாதத்தால் உடல் தளர்ந்த வால்சந்த், அடுத்த ஆண்டு பொறுப்புகளிலிருந்து விலகினார். துணைவியார் கஸ்தூரிபாய் உடனிருந்து பேணினார். கரையோர வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கே உரியது என விடுதலை பெற்ற இந்தியா அக்காலத்தில்தான் முடிவு செய்தது. முப்பதாண்டுப் போராட்டத்தின் பயனைக் கண்ட நிறைவோடு, 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் குஜராத்தின் சித்தபூரில் அவர் மறைந்தார்.  சாங்லியில் அவர் பெயர் தாங்கிய பொறியியற் கல்லூரியில் பயின்று வெளியேறும் மாணவர் பல்லாயிரவர்.

இளைய தலைமுறைக்கு

சிந்தியா நிறுவனத்தின் கப்பல்கள் இன்று கடலில் இல்லை. அவை திறந்த வழி மட்டும் மூடப்படவில்லை. சென்னை உத்தண்டியில் 2008 முதல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இயங்குகிறது. கப்பல் அதிகாரி, கடற்பொறியாளர், துறைமுக நிர்வாகி, சுங்க அனுமதி முகவர், கிடங்கு மேலாளர், சரக்குப் போக்குவரத்துத் திட்டமிடுவோர் எனப் பல பணிகள் தகுதியுடையோரை எதிர்நோக்கி நிற்கின்றன. உழவையும் ஆசிரியப் பணியையும் சிறப்பாகக் கொண்டு வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் இத்துறையையும் எண்ணிப் பார்க்கலாம்.

சரக்குத் தொழிலில் எடைக்கல்லும் ஏடும் பொய்யாதிருத்தல் வேண்டும். பிறர் பொருள் தம் கையில் உள்ளவரை அதனைத் தம் பொருளினும் மேலாகக் காத்தல் வேண்டும். இல்லறத்தார்க்கு ஓதப்பெற்ற வாய்மையும் கள்ளாமையும் இவையே. அணுவிரதங்களைக் கோயிலில் ஏற்று நெடுஞ்சாலையிலும் துறைமுகத்திலும் காத்து நிற்போர்க்கு இத்தொழில் பொருளோடு புண்ணியமும் தரும். மாதனூர்ச் சாலையில் கிழக்கு நோக்கி விரையும் சரக்கு வண்டிகளைக் காணும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வால்சந்தின் வாழ்வை எடுத்துரைப்பாராக.