அண்டிரிக் அடிகளாரும் வினைத்திரிபும்

அயன்மொழி ஒன்றைக் கற்கப் புகுவோர்க்கு முதற்கண் எதிர்ப்படும் மலை யாதெனின், அது வினைச்சொற்களின் திரிபேயாம். பெயர்ச்சொற்களை ஒருவாறு மனனஞ் செய்துகொள்ளலாம். வினையோ இடமும் எண்ணும் காலமும் மாறுந்தோறும் தன் உருவை மாற்றிக்கொண்டு கற்போரை அலைக்கழிக்கும். வேற்றுமொழி வகுப்பில் அமர்ந்து வினைப் பட்டியல்களை உருப்போட்டு அலுத்த மாணவர் நம்முட் பலராவர். அன்னார்க்கு ஊக்கம் அளிக்கவல்ல வாழ்க்கை வரலாறு ஒன்று, குமரி முனையிலிருந்து வடகிழக்கே நீண்டு செல்லும் முத்துக்குளித் துறையிலேயே நிகழ்ந்துளது. தமிழ் அச்சின் தந்தையெனப் போற்றப்பெறும் அண்டிரிக் அடிகளாரின் வரலாறே அது. அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்க விழைகின்றோம்.

அடிகளார் போர்ச்சுக்கல் நாட்டில் வில விசோசா என்னும் ஊரில் கி.பி. 1520-இல் பிறந்தவர். இளமையிலேயே துறவு வாழ்க்கையை நாடிப் பிரான்சிஸ்கன் சபையிற் புகுந்தார். ஆயின், அவர்தம் முன்னோர் யூத குலத்தினர் என்பதைக் காரணமாகக் காட்டி அச்சபையினர் அவரை வெளியேற்றினர். குலத்தை நோக்கிக் குணத்தைத் தள்ளும் கொடுமை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இஃதொரு சான்று. அவர் மனம் தளர்ந்தாரல்லர். கோயிம்பிரா நகரிற் கல்வி பயின்று, 1545-இல் இயேசு சபையிற் சேர்ந்து, மறு ஆண்டே இந்தியாவிற்குக் கப்பலேறினார். 1547-இல் முத்துக்குளித் துறைக்கு வந்து சேர்ந்தார். உடல் நலம் குன்றியவராயினும், அரை நூற்றாண்டிற்கு மேல் இத்தென்னாட்டின் வெயிலிலும் உப்புக் காற்றிலும் உழைத்தார் என்பது வியப்பிற்குரியது.

அவர் வருவதற்கு முன் இக்கரையில் நிகழ்ந்ததொரு செய்தியை நாம் அறிதல் நலம். நவார் நாட்டிற் பிறந்த சவேரியார் 1542-இல் இங்கு வந்து, ஊர்தோறும் நடந்து, 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே திங்களில் பதினாயிரவருக்கு மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்தார். கோட்டாற்றுத் திருவிழாவுக்குச் செல்லும் நாஞ்சில் நாட்டார் யாவரும் அவர் பெயரை அறிவர். அவருக்குத் தமிழ் வாராது. பிறர் உதவியால் மொழிபெயர்க்கப்பெற்ற மன்றாட்டுகளையே மனனஞ் செய்து ஓதி வந்தார். நம்பிக்கை அறிக்கையின் முதற் சொல்லாகிய ‘விசுவசிக்கிறேன்’ என்பது வரவேண்டிய இடத்தில், ‘எனக்கு வேண்டும்’ என்னும் பொருள்பட்ட தொடர் நுழைந்துவிட்டது. 1544-இல் அவரே இப்பிழையை உணர்ந்து, தம் உடன் ஊழியராகிய மன்சிலாசு என்பாருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். ஒரே ஒரு வினைச்சொல் பிறழ்ந்தமையால் ஒரு சமயத்தின் அடிப்படையே வேறு பொருள் கொள்ளலாயிற்று. இலக்கணத்தை ஏட்டுச் சுரைக்காயென எள்ளுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பாராக.

அண்டிரிக் அடிகளார் துபாஷிகளை நம்பி வாழ ஒருப்படவில்லை. தாம் கூறுவது கேட்போர் செவியில் என்னவாய்ச் சென்று விழுகின்றதென்பதை அறியாது பேசுதல், இருட்டில் விதைப்பதை ஒக்கும் என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். ஆகவே தமிழ் கற்க முனைந்தார். ஆயின் எவ்வாறு கற்பது? நன்னூலும் தொல்காப்பியமும் ஓலைச் சுவடிகளில் இருந்தன. அவை தமிழ் அறிந்தோர்க்குச் செய்யப்பட்டவையேயன்றி, தமிழில் ஒரு சொல்லும் அறியாத பிறநாட்டார்க்குச் செய்யப்பட்டவை அல்ல. எனவே அடிகளார் தமக்குத் தாமே ஆசிரியரானார். இலத்தீன் மொழியில் வினைகளை இடம், எண், காலம் என வகுத்துப் பட்டியலிடும் முறையை அவர் நன்கு அறிவார். அவ்வச்சிலேயே தமிழ் வினைகளையும் வார்த்து, நிகழ்காலம், இறந்த காலம், எதிர்காலம், ஏவல் எனத் தனித்தனியே வரிசைப்படுத்தினார். மக்கள் பேசக் கேட்ட சொற்களை அவ்வரிசைகளில் அமைத்துப் பயின்றார். 1548-இன் பிற்பகுதியில் சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், இம்முறையால் விரைவிற் பேசக் கற்றதையும், துபாஷியின் துணை தமக்கு வேண்டாதாயிற்று என்பதையும் தெரிவித்தார்.

ஐரோப்பியர் ஒருவர்க்கு இது எத்துணை அரிய செயல் என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். செய்தவனையே சென்று சேரும் செயலைக் குறிக்கும் வினைகள் பல மொழிகளிலும் உள. ஸ்பானிய மொழியில் ‘லவார்சே’ என்பது தன்னைத் தான் கழுவிக்கொள்ளுதலைக் குறிக்கும். இறுதியிலுள்ள ‘சே’ என்பதைப் பிரித்தால் ‘லவார்’ என்னும் வினை எஞ்சும். அதன் ‘ஆர்’ ஈற்றையும் நீக்கி, இடத்திற்கும் எண்ணிற்கும் ஏற்ற ஈறுகளைச் சேர்த்து, அவ்வவ்விடத்திற்குரிய சிறு சொல்லை முன்னே நிறுத்தல் வேண்டும். ‘மே லாவோ’ என்றால் நான் கழுவிக்கொள்கிறேன். ‘தே லாவாஸ்’ என்றால் நீ கழுவிக்கொள்கிறாய். ‘சே லாவா’ என்றால் அவன் கழுவிக்கொள்கிறான். பன்மையில் முறையே ‘நோஸ் லவாமோஸ்’, ‘ஓஸ் லவாயிஸ்’, ‘சே லாவான்’ என வரும். ‘ஆர்’ ஈற்று ஒழுங்கு வினைகள் யாவும் இவ்வாறே நடக்கும். அடிகளாரின் தாய்மொழியாகிய போர்த்துக்கீசியம் இதற்கு உடன்பிறந்த மொழி; அங்கே அச்சிறு சொல் பெரும்பாலும் வினையின் பின்னே வந்து ‘லாவு-மெ’, ‘லாவஷ்-தெ’ என ஒட்டி நிற்கும்.

தமிழிலோ நிலை முற்றும் வேறு. நாம் ‘கழுவு’ என்பதைக் ‘கழுவி’ என எச்சமாக்கி, அதனுடன் ‘கொள்’ என்னும் துணைவினையைச் சேர்க்கின்றோம். இடத்தையும் எண்ணையும் காட்டும் பொறுப்பு முழுவதும் அத்துணைவினையின் ஈற்றைச் சார்ந்தது: கழுவிக்கொள்கிறேன், கழுவிக்கொள்கிறாய், கழுவிக்கொள்கிறோம். ஸ்பானியன் மாற்றும் சிறு சொல் நமக்கில்லை. அதற்கு மாறாக ஒரு வினையே மற்றொரு வினைக்குத் துணை நிற்கின்றது. ஒற்றுமையும் உண்டு. ‘சே லாவான்’ என்பது தம்மைத் தாம் கழுவிக்கொள்ளுதலையும், ஒருவரை ஒருவர் கழுவுதலையும் குறிக்கவல்லது. நம் மொழியிலும் அடித்துக்கொண்டார்கள் என்றால் இவ்விரு பொருளும் தோன்றும். ஆயினும் எங்கும் ஒப்புமை காண்டல் இயலாது. ஸ்பானியன் தன் பெயரைச் சொல்லுங்கால், தன்னை இன்னாரென அழைத்துக்கொள்வதாகத் தற்சுட்டு வினையாலேயே சொல்வான். நாமோ வினையே இன்றி ‘என் பெயர் இன்னது’ என்று முடித்துவிடுகின்றோம். சவேரியாரை மயக்கிய ‘வேண்டும்’ என்பதும் இத்தகையதே: எனக்கு, உனக்கு, அவனுக்கு என முன்சொல் மாறினும் அவ்வினை மாறாது நிற்கும். இத்தகைய புதுநெறிகளை ஒவ்வொன்றாய்த் தடவியறிந்தவரே நம் அடிகளார்.

தாம் கண்டவற்றைத் தமக்குள் வைத்துக்கொள்ளாது, பின்வருவோர்க்கு உதவுமாறு 1549-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். இலத்தீன் இலக்கணம் அறியாதவர், ஜுவாங் தெ பாருஷ் என்பார் 1540-இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணத்தை முன்னர்ப் படித்து வருமாறு அதிற் குறித்தார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்குச் செய்த இலக்கணங்களுள் நமக்குக் கிடைத்தவற்றில் இதுவே முதலாவது. இதிற் குறைகளும் உள. இலத்தீன் சட்டையைத் தமிழுக்கு அணிவித்தமையால், சிலவிடத்து இறுக்கமும் சிலவிடத்துத் தொய்வும் காணப்படுதல் இயல்பே. ஆயினும் கடற்கரை மக்கள் அந்நாளிற் பேசிய தமிழை உள்ளவாறே காட்டும் நூல் இதனைப்போற் பிறிதொன்று அரிது. தம் உடன்பணியாளர் தமக்குள்ளும் தமிழிலேயே உரையாடுதல் வேண்டுமென்னும் ஒழுங்கையும் அடிகளார் வகுத்தார்.

நிற்க. இப்பயிற்சியின் கனியே பின்னர் அச்சேறிய நூல்கள். ஜுவாங் கொன்சால்வெஸ் என்னும் ஸ்பானியத் தொண்டர் 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் அவற்றினும் சீரிய அச்செழுத்துக்கள் ஆயின. 1578 அக்டோபர் 20-ஆம் நாள் பதினாறு பக்கங்கள் கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சாகி இன்றும் நம் கைக்கெட்டும் நூல்களுள் இதுவே தொன்மையானது. மறு ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. 1586-இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. துபாஷியின் வாயை நோக்கி நின்ற நிலை மாறி, தமிழில் பெருநூல் ஒன்றை எழுதும் நிலைக்கு அவர் உயர்ந்தமையைக் காண்கின்றோம்.

அடிகளார் 1600-ஆம் ஆண்டு புன்னைக்காயலில் உயிர் நீத்தார். தூத்துக்குடியில் அடக்கஞ் செய்யப்பெற்றார். அவர்தம் இலக்கணம் அச்சேறாமல் லிஸ்பன் நகரிற் கையெழுத்துப் படியாகவே உறங்கிக் கிடந்தது. அதனால் 1716-இல் ஹாலே நகரில் இலக்கணம் அச்சிட்ட சீகன்பால்குவும், அவர்க்குப் பின் வந்த வீரமாமுனிவரும், 1856-இல் ஒப்பிலக்கணம் கண்ட கால்டுவெல்லும் பெற்ற புகழை அந்நூல் நெடுங்காலம் பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டிற் சேவியர் தனிநாயகம் அடிகள் அதன்பால் தமிழறிஞர் கருத்தை ஈர்த்தார். 1982-இல் வெர்மீர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனைப் பதிப்பித்தார். 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் விரிந்த ஆராய்ச்சியும் வெளிவந்தன. எழுதிய நானூறு ஆண்டுகட்குப் பின்னரே அவர் உழைப்பு உலகின் கண்ணிற் பட்டது.

மாணவ அன்பர்காள்! பிறப்பைக் காட்டித் தள்ளப்பட்டவர், உடல் நோயால் நலிந்தவர், ஆசிரியரோ அகராதியோ இல்லாதவர் ஒருவர், வினைப் பட்டியல் ஒன்றையே ஏணியாகக் கொண்டு ஒரு மொழியின் உச்சிக்கு ஏறினார். இன்று நமக்கு ஆசிரியரும் அகராதியும் ஒலிப்பதிவுகளும் உள. இல்லாதது பொறுமை ஒன்றே. ஆறு உருவங்களை நாளும் உருப்போடுதல் சிறு செயலெனத் தோன்றலாம். அச்சிறு செயலைச் செய்யத் தவறிய இடத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்பது ‘வேண்டும்’ ஆயிற்று என்பதை மறவாதிருப்போமாக. கற்பித்தலாகிய செயலை முதலில் தம்மீதே செலுத்திக்கொண்ட அப்பெரியாரின் நெறி நமக்கும் வழித்துணையாகுக!