கரகரப்பை வென்ற ஆர்ம்ஸ்ட்ராங்

ஆர்ம்ஸ்ட்ராங் என்றதும் நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்தான் உங்கள் நினைவுக்கு வருவார். இவர் வேறு ஒருவர். இவருடைய முழுப்பெயர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். நீங்கள் கேட்டு மகிழும் எஃப்.எம். வானொலியைத் தந்தவர் இவரே. ஓடும் காவல்துறை வண்டியில் இருப்பவர், கரகரப்பு இல்லாமல் தலைமையகத்தோடு பேச வழி திறந்ததும் இவருடைய கண்டுபிடிப்புதான்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1890 டிசம்பர் 18-ஆம் நாள் ஆர்ம்ஸ்ட்ராங் பிறந்தார். தந்தை புத்தகப் பதிப்பகம் ஒன்றில் பணிபுரிந்தார். தாய் பள்ளி ஆசிரியை. சிறு வயதில் ஆர்ம்ஸ்ட்ராங்கை நரம்பு நோய் ஒன்று தாக்கியது. இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கே போக முடியவில்லை. நோய் குணமான பிறகும், முகமும் தோளும் தானாகவே வெட்டி இழுக்கும் குறை வாழ்நாள் முழுவதும் இருந்தது. அதை நினைத்து அவர் சோர்ந்து போகவில்லை.

மார்கோனியைப் பற்றிப் படித்த அவருக்குக் கம்பியில்லாத் தந்தியின் மேல் ஆசை வந்தது. யாங்கர்ஸ் என்ற ஊரில் இருந்த வீட்டின் மாடி அறை, கம்பிச் சுருள்களால் நிரம்பியது. தோட்டத்தில் 125 அடி உயரக் கம்பத்தைத் தானே நட்டு, அதன் உச்சி வரை ஏறி வேலை செய்தார். உயரம் என்றால் அவருக்குப் பயமே கிடையாது!

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, 1912-இல், மிக மெல்லிய வானொலி ஒலியையும் பல மடங்கு பெரிதாக்கும் மின்சுற்றைக் கண்டுபிடித்தார். முதல் உலகப்போரில் ராணுவ அதிகாரியாகப் பாரிஸ் நகரில் இருந்தபோது, 1918-இல், 'சூப்பர்ஹெட்டிரோடைன்' என்னும் ஏற்பியை உருவாக்கினார். பிற்காலத்து வானொலிப் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் இயங்கின.

ஆனாலும் ஒரு பெரிய குறை தீரவில்லை. வானத்தில் மின்னல் வெட்டினால் வானொலியில் 'படபட' என்று இரைச்சல் வரும். வண்டியில் வைத்த வானொலியின் பாடு இன்னும் மோசம். பெட்ரோல் இன்ஜினில் உள்ள ஸ்பார்க் பிளக், ஒரு நொடிக்குப் பல முறை தீப்பொறி விடுகிறது அல்லவா? ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி மின்னல் மாதிரி! அந்த இரைச்சலும் வானொலியில் புகுந்துவிடும். அவசரச் செய்தி சொல்லும் காவலரின் குரல், இதில் காணாமல் போய்விடும்.

இந்த இரைச்சலை ஒழிக்கவே முடியாது என்று பல வல்லுநர்கள் நினைத்தார்கள். சிலர், அனுப்பும் அலையை இன்னும் வலுவாக்கிப் பார்த்தார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் வேறு விதமாக யோசித்தார்.

பழைய ஏ.எம். முறையில், பேச்சுக்கு ஏற்ப வானொலி அலையின் உயரம் கூடிக் குறையும். மின்னலும் தீப்பொறியும் பெரும்பாலும் அந்த உயரத்தைத்தான் கெடுக்கின்றன. பேச்சும் இரைச்சலும் ஒரே இடத்தில் கலந்துவிட்டால் எப்படிப் பிரிப்பது? எனவே, பேச்சை அலையின் உயரத்தில் ஏற்றாமல், அலைகளின் நெருக்கத்தில் ஏற்றினார். அதாவது, ஒரு நொடிக்கு எத்தனை அலைகள் என்ற எண்ணிக்கை, பேச்சுக்கு ஏற்ப மாறும். இதுவே எஃப்.எம்.

வேலிச் செடிகளின் தலையைக் கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உயரம் ஒன்றாகிவிடும், செடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது. எஃப்.எம். ஏற்பியும் அலைகளின் உயரத்தை அப்படியே மட்டமாக வெட்டிவிடும். உயரத்தோடு ஒட்டிய இரைச்சல் போய்விடும். இடைவெளியில் இருக்கும் பேச்சு பத்திரமாக வந்து சேரும். அகலமான அலைவரிசையைப் பயன்படுத்தினால் ஒலி இன்னும் தெளிவாகும் என்றும் அவர் காட்டினார். 1933-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூடிய அவையில் இதைச் செய்து காட்டினார். யாங்கர்ஸிலிருந்து ஒலிபரப்பு வந்தது. அங்கே டம்ளரில் தண்ணீர் ஊற்றும் ஓசையும், காகிதத்தைக் கசக்கும் ஓசையும் பக்கத்தில் நடப்பதுபோல் கேட்டன. அவையினர் வியந்து போனார்கள்.

1940-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலக் காவல்துறை, தன் வண்டிகளில் இருவழி எஃப்.எம். வானொலியைப் பொருத்தியது. பேராசிரியர் டேனியல் நோபிள் அதை வடிவமைத்தார். வண்டி ஓடும்போது மேடு பள்ளத்தால் அலையின் வலு கூடிக் குறைந்தாலும் பேச்சு தெளிவாகக் கேட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க டாங்கிகளிலும் எஃப்.எம். இடம்பிடித்தது. போர்க்காலத்தில் தம் காப்புரிமைகளுக்குப் பணம் வாங்காமலே ராணுவம் பயன்படுத்த ஆர்ம்ஸ்ட்ராங் அனுமதித்தார்.

ஆனால், அவருக்குக் கிடைத்தது சோதனையே. எஃப்.எம். வந்தால் பழைய நிலையங்களையும் பெட்டிகளையும் மாற்ற வேண்டும். ஆர்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனம் அதை வரவேற்கவில்லை. 1945-இல் எஃப்.எம்.முக்கு ஒதுக்கிய அலைவரிசையை அரசு வேறு இடத்துக்கு மாற்றியது. மக்கள் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான பெட்டிகள் வீணாயின. தம் கண்டுபிடிப்பை உரிய பணம் தராமல் பயன்படுத்துகிறார்கள் என்று ஆர்.சி.ஏ. மீது 1948-இல் அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சேர்த்த செல்வம் கரைந்தது. உடல்நலமும் மனநலமும் குன்றின. 1954 ஜனவரி 31-ஆம் நாள், 63-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவருடைய மனைவி மரியன் போராட்டத்தை விடவில்லை. அதே ஆண்டு இறுதியில் ஆர்.சி.ஏ. வழக்கை முடித்துக்கொண்டு பணம் தந்தது. மற்ற நிறுவனங்கள் மீதான வழக்குகளும் ஒவ்வொன்றாக அவர் பக்கமே முடிந்தன. 1967-இல் கடைசி வழக்கிலும் வெற்றி கிடைத்தது. எஃப்.எம். ஆர்ம்ஸ்ட்ராங்கின் கண்டுபிடிப்பே என்பது உறுதியானது.

நம் நாட்டில் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் சென்னையில்தான் தொடங்கியது. இன்று டிஜிட்டல் கருவிகள் வந்துவிட்டாலும், எஃப்.எம். முறையில் பேசும் வாக்கி-டாக்கிகள் இன்னும் இருக்கின்றன.

குழந்தைகளே! ஒரு கணக்கு ஒரு வழியில் வரவில்லை என்றால் அதே வழியில் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளாதீர்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கைப் போல, சிக்கல் எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வழி தானே புலப்படும்.