தென்னையை வானிலிருந்து பார்த்தவர்

பரமத்தி வேலூர் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறீர்களா? மரத்துக்கு நோய் வந்தது உங்களுக்கு எப்போது தெரிகிறது? ஓலை தொங்கி, குரும்பை கொட்டத் தொடங்கிய பிறகுதானே? அதே தோப்பை மேலிருந்து பார்த்தால் நோயுற்ற மரம் தனியாகத் தெரியுமா என்று சோதித்தவர் பி.ஆர்.பிஷரோட்டி.

1909-ல் பாலக்காடு பக்கம் கொல்லங்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து, 1942-ல் வானிலைத் துறைக்குப் போனார். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. நம் நாட்டில் ஓராண்டு மழையின் பெரும்பகுதி சுமார் 100 மணி நேரத்தில் பெய்து முடிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவரும் அவர்தான். பண்ணைக்குட்டை வெட்டியவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும்.

விக்ரம் சாராபாய் அழைத்ததால் ஆமதாபாத் சென்றார். 1970-ல் கேரளத்தில் வேர் வாடல் நோய் தாக்கிய தோப்புகளின் மேல் ஹெலிகாப்டர் பறந்தது. இன்று பொள்ளாச்சியை வாட்டும் அதே நோய்தான். கேமராவில் அகச்சிவப்பு வண்ண பிலிம். நல்ல இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். அதனால் படத்தில் பளிச்சென்று சிவப்பாக விழும். நோயுற்ற மரத்தின் நிறம் மாறியிருந்தது. அப்போது நமக்கென்று ஒரு செயற்கைக்கோள்கூடக் கிடையாது.

பாஸ்கரா-1 ஏறியது 1979 ஜூன் 7-ல், சோவியத் ராக்கெட்டில். 1988 மார்ச் 17-ல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ. அதன் ஒரு கேமராவில் படத்தின் ஒரு புள்ளி 72.5 மீட்டர் சதுரம், அதாவது சுமார் ஒன்றே கால் ஏக்கர். ஆத்தூர் பக்கம் அரை ஏக்கர் மரவள்ளி போட்டவரின் வயல் அதில் பக்கத்து வயலோடு கலந்துவிடும். இன்று இலவசமாகக் கிடைக்கும் படங்களிலேயே ஒரு புள்ளி 10 மீட்டர், சுமார் இரண்டரை சென்ட்.

ஆனாலும் ஒன்று மாறவில்லை. நிறம் மாறியது தண்ணீர் இல்லாமலா, நோயாலா என்று படம் மட்டும் சொல்லாது. 1970-லும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்த்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது. எனவே கைப்பேசியோடு வயலுக்கு வரும் களப்பணியாளரிடம் என்ன பயிர், என்று நட்டது, எப்போது தண்ணீர் விட்டது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். படத்தை அதோடு ஒப்பிட்டுத்தான் படிக்கிறோம்.

பிஷரோட்டி 2002-ல், 93 வயதில் மறைந்தார்.