அருளானந்தர்: லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர் செஞ்சிச் சீமைக்கு ஏன் வந்தார்?

திருவண்ணாமலையில் திண்டிவனம் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் செஞ்சிக் கோட்டை கண்ணில் படும். 1674-ல் இந்தச் செஞ்சிச் சீமைக்கு ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் வந்தார். காவி உடுத்தி, தலைப்பாகை கட்டி, சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டு, ஊர் ஊராக நடந்தே போனவர். பெயர் ஜான் டி பிரிட்டோ. தமிழ்நாட்டுக்கு அவர் அருளானந்தர்.

போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பெட்ரோவின் தோழனாக வளர்ந்தவருக்கு இங்கே என்ன வேலை?

அம்மாவின் நேர்த்திக்கடன்

பிரிட்டோ 1647-ல் லிஸ்பனில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 11 வயது வாக்கில் பையனுக்கு உடம்பு ரொம்பவே முடியாமல் போனது. அம்மா புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் இயேசு சபைத் துறவிகளின் அங்கியைப் போட்டுவிடுவதாக நேர்த்தி. நம்ம ஊரில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்வார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

பையன் பிழைத்தான். பட்டும் சரிகையுமாக மற்ற பிள்ளைகள் திரிந்த அரண்மனையில் இவன் மட்டும் துறவி அங்கியோடு நடந்தான். கேலிக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்த ஒரு வருஷத்தில் சவேரியாரின் கதை அவனுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது.

சவேரியார் 1542-ல் கோவாவுக்கு வந்து, முத்துக்குளித்துறைப் பரதவர்களோடு வாழ்ந்தவர். 1552-ல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில், சொந்தங்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் இறந்தவர். ஓர் அம்மா தன் பிள்ளைக்கு ஆசைப்படும் வாழ்க்கை இல்லை அது.

பிரிட்டோ 1662-ல், 15 வயதில், இயேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் குருப்பட்டம், அதே வருஷம் இந்தியாவுக்குக் கப்பல். அம்மா தடுத்துப் பார்த்தார். போப்பின் தூதர் வரை போய் முறையிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. யாரை வேண்டிப் பிள்ளையைத் திரும்பப் பெற்றாரோ, அவர் வழியிலேயே பிள்ளை கிளம்பிவிட்டது.

சிறை, லிஸ்பன், மீண்டும் சிறை

காவிக்கு ஒரு காரணம் உண்டு. அவருக்கு முன்பே மதுரையில் ராபர்ட் டி நொபிலி, இந்த மண்ணின் துறவிபோல வாழும் முறையைத் தொடங்கியிருந்தார். பிரிட்டோ தேர்ந்தெடுத்தது பண்டார சுவாமி வேடம். அந்த வேடத்தில் எல்லாச் சாதியினரோடும் பழக முடிந்தது. காலமும் அமைதியான காலம் அல்ல. 1677-ல் செஞ்சிக் கோட்டை சிவாஜி கைக்குப் போனது.

1686-ல் மறவர் சீமையில் அவரையும் கூட இருந்தவர்களையும் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். கடைசியில் ரகுநாத கிழவன் சேதுபதி, இனி இங்கே பிரசாரம் செய்யக் கூடாது என்ற உத்தரவோடு விடுவித்தார். அதன் பிறகு சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சித்திரவதையையும் மரணத்தையும்தான் அதிகம் சொல்வார்கள். எனக்கென்னவோ லிஸ்பனில் நடந்ததுதான் பெரிய சோதனையாகத் தெரிகிறது. பால்ய நண்பர் பெட்ரோ இப்போது ராஜா. இங்கேயே இருந்துவிடு என்கிறார். அம்மாவும் உயிரோடு இருக்கிறார். உடம்பில் சிறையின் தழும்புகள். தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கஷ்ட காலத்தில் ஆறுதலுக்காகப் புனிதர்களின் கதையைத் தேடுபவர்கள் உண்டு. பிரிட்டோவிடம் அந்தக் கதை வேறு மாதிரி வேலை செய்தது. சௌகரியம் கிடைத்தபோதெல்லாம் அதிலிருந்து வெளியே இழுத்தது. 1690-ல் திரும்பி வந்துவிட்டார்.

மறவர் சீமையில் தடியத் தேவர் என்ற தலைவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். விவகாரம் குடும்ப மானமாகவும் அரசியலாகவும் மாறியது. 1693 ஜனவரியில் பிரிட்டோ கைதானார். சிறையில் மை இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடைசிக் கடிதங்களை எழுதினார். பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 45.

1947 ஜூன் 22 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஓரியூரில் இன்றும் சிவப்பாக இருக்கும் மணலை அவர் ரத்தம் பட்ட மண் என்று நம்பி, மக்கள் கொஞ்சம் எடுத்துப் போகிறார்கள்.

மரணச் செய்தி லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ராஜா பெட்ரோ நன்றி வழிபாடு நடத்தினார். அதற்கு அம்மா துக்க உடையில் வரவில்லை, விழாவுக்கு உடுத்தும் உடையில் வந்தார் என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள்.