கொள்ளைநோயை வென்ற ஈப்போ டாக்டர்

கண்ணுக்குத் தெரிந்த பகைவனோடு போராடியவர் பலர். கண்ணுக்குத் தெரியாத கிருமியோடு போராடி மக்களைக் காத்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் நமது ஈப்போ நகரில் நெடுங்காலம் வைத்தியம் செய்து வாழ்ந்தவர் என்பதை நம் வணிகச் சகோதரர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அவர்தாம் காலஞ்சென்ற டாக்டர் வூ லியன் தே.

1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, 1896இல் குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்று வைத்தியம் பயின்றார். பின்னர் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலும் கிருமி ஆராய்ச்சி கற்றார். பினாங்கு திரும்பியதும் அபினிப் பழக்கத்தை எதிர்த்துப் பாடுபட்டார். 1908இல் சீன அரசின் இராணுவ மருத்துவக் கல்லூரிப் பணிக்குச் சென்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொடிய நோய் ஒன்று பரவியது. அதன் வேர் வியாபாரத்தில் இருந்தது. அங்கே தர்பகான் என்னும் காட்டுப் பிராணியின் உரோமத் தோலுக்கு விலை ஏறியது. அனுபவமில்லாதோரும் வேட்டையில் இறங்கி, நோயுற்ற பிராணிகளையும் பிடித்தனர். அவர்கள் தங்கிய நெருக்கடியான விடுதிகளிலிருந்து நோய் இரயில் பாதை நெடுகப் பரவியது.

டிசம்பரில் ஹார்பின் சேர்ந்த டாக்டர் வூ, இறந்த ஒரு பெண்ணின் உடலைச் சோதித்துப் பிளேக் கிருமியைக் கண்டார். எலியும் தெள்ளும் இன்றியே, நோயாளியின் மூச்சு வழியாக இது பரவுகிறது என்று உணர்த்தினார். பம்பாயில் ஹாஃப்கின் 1897இல் கண்ட தடுப்பூசி, நெறிகட்டும் பிளேகுக்கு உதவியதேயன்றி, நுரையீரலைத் தாக்கும் இவ்வகைக்குப் பயன்படவில்லை. ஆகவே பஞ்சும் மெல்லிய துணியும் வைத்துத் தைத்த முகமூடியை அணியச் செய்தார். மெஸ்னி என்னும் பிரெஞ்சு டாக்டர் அதனை ஏற்கவில்லை. முகமூடியின்றி நோயாளிகளைச் சோதித்துச் சில நாட்களில் அந்நோயாலேயே மாண்டார்.

இரயில் பிரயாணம் கட்டுப்படுத்தப்பட்டது. நோயாளிகளோடு பழகியோர் கூட்ஸ் வண்டிகளில் தனியே வைக்கப்பட்டனர். நிலம் உறைந்திருந்ததால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதங்கள் அடக்கப்படாமல் கிடந்தன. முன்னோரைப் போற்றும் அம்மக்களின் மனம் புண்படும் என்றறிந்தும், சக்கரவர்த்தியின் அனுமதி பெற்று அவற்றை எரித்தார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட நோய் 1911 மார்ச்சில் அடங்கியது. அடுத்த மாதம் முக்டனில் 11 நாடுகளின் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். 1935இல் அவர் பெயர் நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டது.

ஜப்பானியப் படையெடுப்பால் 1937இல் சீனாவை விட்டு வந்து ஈப்போவில் வைத்தியம் தொடங்கினார். இந்நகரில் பொது நூலகம் அமைய நன்கொடை திரட்டினார். 1960 ஜனவரி 21இல் பினாங்கில் காலமானார். ஈப்போ கார்டன் பகுதியில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அவ்வூரிலிருந்து வெளியேறவும் வேண்டாம் என்பது நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. 2020இல் கோவிட் பரவியபோது நாம் கடைகளை அடைத்ததும் முகமூடி அணிந்ததும் அந்நெறிக்கு ஒத்தவையே. நின்ற வியாபாரத்தை மீண்டும் தொடங்கலாம். போன உயிரை மீட்க முடியாது. இதனை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வோமாக!